ஒரு சாண் பச்சைக் கம்பி

கிரைண்டரில் மாவு அள்ளும்போது கையில் 'சுள்'ளென்று ஒரு அடி விழும். என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு வீட்டில் இருந்த வைத்தியம், ஒரு மரப்பலகை. "அது அப்பிடித்தான் அடிக்கும், பலகை மேல ஏறி நின்னு அள்ளு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மழைக்காலத்தில் இரும்புப் பெட்டி சுவிட்சைத் தொட ஒரு குச்சி வைத்திருப்பார்கள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் மோட்டார் ரூமில் செருப்புப் போடாமல் நுழையக்கூடாது என்பது எழுதாத சட்டம். மிஷின் கரண்ட் அடிப்பது மிஷினின் குணம், நாம்தான் ஒதுங்கி இருக்க வேண்டும் என்று வாழ்ந்து பழகிவிட்டோம்.

அது குணம் அல்ல, நோய். அந்த நோய்க்கு மருந்து எர்த் கம்பி. இதை என் வேலைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஏலக்காய் ஸ்டோர்களுக்கும் கிரேடிங் குடோன்களுக்கும் பேனல் போர்டு கட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் எனக்குச் சோறு போட்ட தொழில். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏலத் தோட்டம். அந்தப் பாதையில் எத்தனை தடவை டூல் பையோடு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஏலக்காய் விலை, ஏலக்காய் மணம், அந்தக் கால ஏலக்கடைகள் என்று எழுதினால் எல்லாரும் ஆசையாகப் படிக்கிறீர்கள். இன்று கொஞ்சம் கரண்ட் படியுங்கள். உங்களில் பலருடைய வீட்டில் இன்னும் தோட்டம் இருக்கிறது, ஸ்டோர் இருக்கிறது, அதில் வேலை செய்ய ஆட்கள் வருகிறார்கள்.

முதலில் அடிப்படை. ஒரு மிஷினுக்குப் போகும் கம்பிகளில் ஃபேஸ் அறுந்தால் மிஷின் நின்றுவிடும். நியூட்ரல் அறுந்தாலும் ஏதாவது ஒரு கோளாறு வெளியே தெரிந்துவிடும். உடனே ஆள் விட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுவோம். எர்த் கம்பி அறுந்தால் எதுவுமே ஆகாது. மோட்டார் சுற்றும், லைட் எரியும், காய் காயும். பத்து வருஷம் அப்படியே ஓடும். மற்ற கம்பிகள் தினமும் உழைக்கின்றன. எர்த் கம்பிக்கு வேலை வருவது என்றோ ஒரு நாள், அதுவும் ஒரு நொடியின் சிறு பகுதி. அந்த நாளில் அது இல்லையென்றால்தான் அது இல்லை என்பதே நமக்குத் தெரிகிறது.

அந்த ஒரு நாள் என்ன நடக்கிறது? மோட்டாருக்குள் காயிலின் இன்சுலேஷன் கருகியோ, ஈரம் இறங்கியோ, எலி கடித்தோ ஃபேஸ் கரண்ட் மோட்டாரின் இரும்பு உடம்புக்கு வந்துவிடுகிறது. எர்த் சரியாக இருந்தால் அது வந்த வேகத்தில் கம்பி வழியாக ஓடிவிடும், பாதுகாப்புக் கருவியும் சப்ளையை அறுத்துவிடும். எர்த் இல்லையென்றால் அந்த இரும்பு உடம்பு 230 வோல்ட்டோடு சும்மா காத்திருக்கும். தொடுகிற ஆள் கம்பியாகிவிடுவார்.

எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும்? அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர் இதை ஆராய்ந்தார். மனிதர்களையே வைத்துப் பார்த்த சோதனை. பிடித்த கம்பியைத் தானாக விட முடிகிற எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்கு மேல் போனால் கைத்தசை இறுகிக்கொள்ளும். விடு விடு என்று மனசு சொன்னாலும் கை கேட்காது. இன்னும் ஏறினால் மூச்சுத் தசையும் இதயத் துடிப்பும் குழம்பிவிடும். ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்கிற ஒருவரின் உடம்பை ஏறக்குறைய 1,000 ஓம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வார்கள். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். நாம் எரிக்கிற பழைய 60 வாட் குண்டு பல்பு எடுப்பதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு பல்பு எரிகிற கரண்ட் போதும்.

இனி ஏலக்காய் ஸ்டோருக்கு வருவோம். பறித்து வந்த பச்சைக்காயில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிறது. வந்த காயை முதலில் மண் போகக் கழுவ வேண்டும். நிறம் நிற்பதற்காகச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிஷம் போட்டு எடுப்பதும் உண்டு. பிறகு தட்டுகளில் பரப்பி 45 முதல் 50 டிகிரி சூட்டில் 18 மணி நேரமோ அதற்கு மேலோ வாட்ட வேண்டும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் பச்சை நிறம் வெளுக்கும். நிறம்தான் விலை என்பது போடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தக் காலத்து ஸ்டோரில் கரண்டுக்கு வேலையே கிடையாது. வெளியே விறகு அடுப்பு, அறைக்குள் வளைந்து வளைந்து போகும் புகைக்குழாய், மேலே தட்டுகள், ராத்திரி முழுக்கக் கண் விழிக்க ஒரு ஆள். அந்த ஆள் உள்ளே நுழைந்ததும் முகத்தில் படும் சூட்டை வைத்தே அளவு சொல்வார். 1958-இல் லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம் ஓட ஆரம்பித்த பிறகும் மலைத்தோட்டங்களுக்கு லைன் ஏற வெகுகாலம் ஆனது. வந்த பிறகும் ஸ்டோரில் நாலு பல்புதான். நிலைமை மாறியது ஞள்ளானி ரகம் வந்த பின்தான். கட்டப்பனைப் பக்கத்து விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ரகம் அது. விளைச்சல் பல மடங்கு ஏறியது. பழைய ஸ்டோர் தாங்கவில்லை. விறகும் முன்போல் கிடைக்கவில்லை. ஊதும் புளோயர், ஈரக்காற்றை வெளியே தள்ளும் ஃபேன், காய் கழுவும் டிரம், காய்ந்த காயின் காம்பு நீக்கும் பாலிஷ் மிஷின், சூட்டைப் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் எல்லாம் வந்தன. இவை எல்லாவற்றையும் ஓட்டச் சுவரில் ஒரு பேனல் போர்டும் வந்தது.

கவனியுங்கள். ஒரே கூரைக்குக் கீழே திரீ ஃபேஸ் கரண்ட், சோடாத் தண்ணீர் ஓடும் சிமெண்ட் தரை, வெறுங்காலோடு நிற்கிற பெண்கள். சாதாரணத் தண்ணீரைவிடச் சோடாத் தண்ணீர் கரண்டை நன்றாகக் கடத்தும். எர்த் மிக அவசியமான இடம் எது என்று கேட்டால் ஆஸ்பத்திரிக்கு அடுத்தபடி நான் ஏலக்காய் ஸ்டோரைச் சொல்வேன்.

பேனலைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே மெயின் சுவிட்ச், நடுவே கான்டாக்டரும் ரிலேயும், கீழே ஒரு தகரத் தண்டவாளம். 35 மில்லிமீட்டர் அகலம். அதன்மேல் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகள் புத்தக அலமாரி மாதிரி வரிசையாக நெருக்கி மாட்டியிருக்கும். அவைதான் டெர்மினல்கள். ஒரு பக்கம் பேனலுக்குள் இருந்து வரும் கம்பி, மறுபக்கம் மோட்டாருக்குப் போகும் கம்பி, நடுவில் இறுக்க ஒரு ஸ்குரூ. வேண்டுமென்றால் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கலாம், கெட்டதை மட்டும் கழற்றி மாற்றலாம். இப்படித் துண்டு துண்டாகக் கோக்கும் டெர்மினலை 1928-இல் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் ஃபீனிக்ஸ் கம்பெனி, ஆர்.டபிள்யூ.இ. என்ற மின்சாரக் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கியது. மதுரையிலிருந்து போடிக்கு முதன்முதலில் ரயில் வந்ததும் அதே 1928-இல்தான். அந்தத் தண்டவாளம் போடிக்கு வந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இந்தத் தண்டவாளம் மலையேறியது.

வரிசையில் சாம்பல் நிறக் கட்டைகளுக்கு நடுவே பச்சையும் மஞ்சளும் கலந்த கட்டைகள் சில இருக்கும். அவைதான் எர்த் டெர்மினல்கள். சாம்பல் கட்டையில் உள்ளே இருக்கும் உலோகத்துக்கும் அது உட்கார்ந்திருக்கும் தண்டவாளத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பிளாஸ்டிக் கால்தான். பச்சை மஞ்சள் கட்டைக்கு மட்டும் உலோகக் கால். அது தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்து, மாட்டும்போதே தண்டவாளத்தோடு எர்த்தைச் சேர்த்துவிடும். அதாவது அந்தப் பேனலில் தண்டவாளமே எர்த் பட்டை. எல்லா மிஷின்களின் எர்த் கம்பியும் அங்கே வந்து கூடுகின்றன. அந்தத் தண்டவாளத்திலிருந்து வெளியே மண்ணில் புதைத்த எர்த் குழிக்கு ஒரு பாதை இருக்க வேண்டும்.

இருக்க வேண்டும் என்று எழுதினேன். இனி இல்லாமல் போன ஒரு இடத்தைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் புது ஸ்டோர் கட்டியிருந்தார்கள். பேனல் வெளியூரில் செய்து கொண்டுவந்து மாட்டியது. யார் தோட்டம், யார் பேனல் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு சாயங்காலம் காய் கழுவும் டிரம்மைத் தொட்ட ஒரு பெண், தொட்ட கையை எடுக்க முடியாமல் அப்படியே நின்றார். கூட இருந்தவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சத்தம் போடாமல் நிற்கிறாரே என்று நினைத்திருக்கிறார்கள். ஒருவர் காய்ந்த சாக்கைச் சுற்றி இழுக்க, இன்னொருவர் ஓடிப்போய் மெயினை இறக்கினார். ஜீப்பில் வளைவுகளில் இறங்கிக் கீழே கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. தினமும் விடிகாலையில் போடியிலிருந்து ஜீப் ஏறி வேலைக்குப் போகிறவர்களில் ஒருவர். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள்.

போலீஸ் விசாரணையெல்லாம் முடிந்த பிறகு, காரணம் என்னவென்று பார்க்கச் சொல்லி முதலாளி என்னை அழைத்துப் போனார். மனிதர் உடைந்து போயிருந்தார். அதோடு ஒரு வருத்தமும் இருந்தது.

"எர்த் குழிக்கு நான் காசு பாக்கலைய்யா. பாறையை உடைச்சு ஆழமாத் தோண்டி, கரி, உப்பு எல்லாம் போட்டு, ரெண்டு குழி எடுத்திருக்கேன். நீயே பாரு."

பார்த்தேன். பொய்யில்லை. குழி நன்றாக இருந்தது. அதிலிருந்து தகரப் பட்டை சுவரோரமாக வந்து பேனல் பெட்டியின் வெளிப்பக்கம் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. டிரம் மோட்டாரைத் திறந்து பார்த்தேன், அதிலும் பழுதே இல்லை. இன்சுலேஷன் நன்றாக இருந்தது. அப்படியானால் டிரம்முக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது?

பழுது புளோயர் மோட்டாரில் இருந்தது. டிரம்மிலிருந்து அது இருபது அடிக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் கட்டைமேல் நிற்கிறது. யாரும் கிட்டே போவதுமில்லை. அதன் காயில் கருகி, ஃபேஸ் உடம்புக்கு இறங்கியிருந்தது. பேனலைத் திறந்தேன். அழகான வேலை. ஒவ்வொரு கம்பிக்கும் நம்பர் போட்ட ஃபெரூல், நேராகச் சீவி அடுக்கிய ஒயர்கள். பச்சை மஞ்சள் டெர்மினல்கள் வரிசையாக இருந்தன. எல்லா மோட்டார்களின் எர்த் கம்பியும் ஒழுங்காக அங்கே வந்திருந்தது. தண்டவாளத்தை மட்டும், அடியில் ஒயர் போக இடம் வேண்டும் என்று, பேக்கலைட் கட்டைகள் வைத்து உயர்த்தி மாட்டியிருந்தார்கள். பேக்கலைட் கரண்டைக் கடத்தாது. தண்டவாளத்திலிருந்து பெட்டியின் எர்த் போல்ட்டுக்கு ஒரு இணைப்புக் கம்பி போட்டிருக்க வேண்டும். அது இல்லை.

என்ன ஆகியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குழிவரை எர்த் இருக்கிறது. மிஷின்களிலிருந்து தண்டவாளம் வரை எர்த் இருக்கிறது. நடுவில் ஒரு சாண் மட்டும் இல்லை. புளோயரின் உடம்புக்கு வந்த கரண்ட் அதன் எர்த் கம்பி வழியாகத் தண்டவாளத்துக்கு வந்தது. மண்ணுக்குப் போக வழியில்லை. ஆனால் மற்ற மிஷின்களுக்குப் போக வழி இருக்கிறது, எல்லாம் அங்கேதான் கூடியிருக்கின்றன. டிரம்முக்கு ரப்பர் சக்கரம், அதனால் அதிலிருந்தும் மண்ணுக்கு இறங்க முடியாது. அங்கேயே காத்திருந்தது. அந்தப் பெண் ஈரத்தரையில் நின்று டிரம்மைத் தொட்டார். எர்த் கம்பியே இல்லாத ஸ்டோராக இருந்திருந்தால் புளோயரின் பழுது புளோயரோடு நின்றிருக்கும். அரைகுறையாகப் போட்ட எர்த், யாரும் தொடாத மிஷினின் சாவை எல்லாரும் தொடுகிற மிஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

முதலாளியிடம் சொன்னேன். "குழியில குத்தமில்ல முதலாளி. குழிக்கும் மிஷினுக்கும் நடுவுல ஒரு சாண் கம்பி இல்ல." அவர் அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சட்டம் அப்போதே இருந்தது. 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் 61-ஆவது விதி, மோட்டாரின் உடம்பு ஒவ்வொன்றும் இரண்டு தனித்தனி இணைப்புகளால் எர்த் செய்யப்பட வேண்டும் என்றது. ஒன்று விட்டுப்போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்ற கணக்கு. அந்த ஸ்டோரில் குழி இரண்டு இருந்தது, மோட்டாருக்குப் போன பாதை ஒன்றுதான். இரண்டாவது கம்பியைப் பேனலைத் தொடாமல் நேராகச் சுவர்ப் பட்டையிலிருந்து டிரம்முக்கும் புளோயருக்கும் இழுத்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் இருந்திருப்பார்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்ப குழியும் கம்பியும் சரியா இருந்தாப் போதும்ல?" என்பார்கள். நம் மலைக்கு அதுவும் போதாது. காரணம் மண். போடியில் கொட்டகுடி ஆற்றுப் பக்கம் குழி தோண்டினால் ஆழ ஆழ ஈரமண். கரண்ட் சுலபமாக இறங்கும். மலையில் மழை நிறைய, பச்சை நிறைய, ஆனால் மேல்மண்ணுக்குக் கீழே பாறை. பெய்த தண்ணீர் சரிவில் ஓடிவிடும். மாசி, பங்குனியில் எர்த் குழி காய்ந்து கிடக்கும். அப்போது குழியின் எதிர்ப்பு 40 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 40-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர்கூட வராது. உங்கள் ஃபியூஸோ எம்.சி.பி.யோ 16 ஆம்பியர். 6 ஆம்பியருக்கு அது அசையாது. மண்ணுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், மிஷின் உடம்பும் ஆபத்தான வோல்ட்டேஜிலேயே இருக்கும். கரியும் உப்பும் போடுவதும் கோடையில் குழிக்குத் தண்ணீர் விடுவதும் இந்த எதிர்ப்பைக் குறைக்கத்தான். ஆனால் அந்த உப்பே தகரக் குழாயை மெல்ல அரித்துத் தின்னும். சில வருஷத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்காத குழியை நம்ப முடியாது.

அதனால்தான் ஆர்.சி.சி.பி. வேண்டும் என்கிறேன். இதன் வேலை ரொம்ப எளிது. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் பார்க்கும். நம் ஊர்க் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், வழியில் எங்கோ மண்ணுக்கோ மனிதன் உடம்புக்கோ ஒழுகுகிறது என்று 0.3 நொடிக்குள் சப்ளையை அறுத்துவிடும். மலையில் குழி 40 ஓம் இருந்தாலும், 6 ஆம்பியர் ஒழுக்கு இதற்கு மலை போலத் தெரியும்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே, எர்த் கம்பி எதற்கு என்ற கேள்வியும் வரும். எர்த் கம்பி இருந்தால் மிஷின் பழுதான நிமிஷமே டிரிப் ஆகும். எர்த் கம்பி இல்லையென்றால் ஒரு ஆள் தொட்ட நிமிஷம்தான் டிரிப் ஆகும். சோதனைக்கு ஆளைப் பயன்படுத்துவதா என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அது அந்தக் கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் சொல்லும். எர்த் கம்பி இருக்கிறதா என்று சொல்லாது. எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்த பட்டன் டிரிப் ஆகும்.

மாட்டிய ஆர்.சி.சி.பி.யைக் கழற்றச் சொன்ன முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்டிப் பயனில்லை, நியாயம் அவர்கள் பக்கமும் இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு எங்கோ ஈரம் இறங்கி டிரிப் ஆனால் புளோயர் நின்றுவிடும். கண் விழிக்கும் ஆள் அயர்ந்துவிட்டால் ஸ்டோர் நிறையக் காய் நிறம் போய்விடும். ஏலத்தில் அந்த லாட்டுக்கு விலை விழும். "உன் பெட்டி என் வருஷத்தையே கவுத்துருச்சு" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அடுத்த தடவை போனபோது ஆர்.சி.சி.பி.யைச் சுற்றி ஒரு கம்பி போட்டு பைபாஸ் செய்திருந்தது.

இதற்கு வழி சண்டை போடுவதல்ல, பிரித்துப் போடுவது. கழுவும் பகுதிக்குத் தனி ஆர்.சி.சி.பி., புளோயருக்குத் தனி, லைட்டுக்குத் தனி. கழுவுமிடத்தில் ஒழுகினால் கழுவுமிடம் மட்டும் நிற்கும், காய் காய்ந்துகொண்டே இருக்கும். புளோயர் நின்றால் கூவ ஒரு சைரன், ஆள் படுக்கும் அறையில். இப்படிப் பிரித்துக் கொடுத்த பிறகு யாரும் பைபாஸ் செய்யவில்லை. உயிரையும் நிறத்தையும் எதிரெதிரே நிறுத்தினால் நடு ராத்திரியில் நிறம்தான் ஜெயிக்கும். அப்படி நிறுத்த வேண்டிய அவசியமே வராமல் பேனல் கட்டுவதுதான் எங்கள் தொழில்.

இப்போது போடி குடோன்களில் காயை நிறம் பார்த்துப் பிரிக்கும் கேமரா மிஷின்கள் வந்துவிட்டன. அவற்றின் பேனலில் பழைய ரிலேக்குப் பதிலாக பி.எல்.சி. இருக்கிறது. விரல் அகலக் கட்டைகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றைத் தள்ளினால் 'டக்'கென்று சேர்ந்துகொள்ளும். சில வகைகளில் கரண்டும் எர்த்தும் பக்கவாட்டில் உள்ள சின்னத் தகடுகள் வழியாக ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தானாகப் போகும். வேலை சுலபம்தான். ஆனால் எல்லாக் கட்டைகளிலும் அந்த எர்த் தகடு இருப்பதில்லை. நடுவில் அது இல்லாத ஒன்றை மாட்டினால் அதற்கு அப்புறம் இருப்பவற்றுக்கு எர்த் போகாது. மிஷின் மட்டும் ஜம்மென்று ஓடும். நான் மேலே சொன்ன ஒரு சாண் கதையேதான், இப்போது ஒரு விரல்கடை. "24 வோல்ட்தானே சார்" என்று இளம் பையன்கள் சொல்வார்கள். கட்டுப்படுத்துவது 24 வோல்ட்தான், ஆனால் அடுத்த கட்டையில் ரிலே வழியாகப் போவது 230 ஆக இருக்கலாம். இன்னொன்று, இந்தக் கட்டைகளை மாட்டி வைத்துக்கொண்டே மெக்கர் போட்டு இன்சுலேஷன் பார்க்கக்கூடாது. கட்டைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ளே கெபாசிட்டர்கள் இருக்கும். அளவும் தப்பாக வரும், கட்டையும் கெடும். கம்பிகளைக் கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருக்கும் மூன்று முள் பிளக்கை எடுத்துப் பாருங்கள். மேல் முள் மட்டும் நீளமாகவும் பருமனாகவும் இருக்கும். செருகும்போது முதலில் எர்த் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில்தான் எர்த் பிரிய வேண்டும் என்பதற்காக நீளம். வேறு ஓட்டைக்குள் தப்பாக நுழையாமல் இருக்கப் பருமன். இவ்வளவு யோசித்துச் செய்த அந்த முள்ளை, சாக்கெட் சேரவில்லை என்று வெட்டி எறிகிற வீடுகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அந்த மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தி இரண்டு முள் பிளக்கைச் செருகுகிற சாமர்த்தியமும் இருக்கிறது.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காய் பறிப்பு மும்முரமாவதற்கு முன்னால் லைசென்ஸ் உள்ள ஒரு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மெயினை இறக்கிவிட்டு, குழியிலிருந்து வரும் பட்டையில் மீட்டரின் ஒரு முனையை வைத்து, நீளமான ஒயர் கட்டிய இன்னொரு முனையால் ஒவ்வொரு மிஷினின் உடம்பையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் தொட வேண்டும். ஒயரின் எதிர்ப்பைக் கழித்துவிட்டால் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். வெறும் 'பீப்' சத்தத்தை நம்ப வேண்டாம், நூலளவு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கத்தும். பேனலைத் திறந்து, தண்டவாளத்திலிருந்து எர்த் போல்ட்டுக்குக் கம்பி போகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அந்த போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால் சுரண்டச் சொல்லுங்கள், பல் வைத்த ஸ்டார் வாஷர் போடச் சொல்லுங்கள். குழியின் எதிர்ப்பைத் தனி மீட்டரில் பார்க்க வேண்டும். அதைக் கோடையில் பாருங்கள், மழையில் எல்லாக் குழியும் நல்ல குழிதான். எலக்ட்ரீசியன் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. அளவுகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வருஷ அளவை அதோடு ஒப்பிட்டால்தான் எங்கே கெடுகிறது என்று தெரியும்.

ஸ்டோரில் யாராவது, "அய்யா, அந்த மிஷினு லேசா சுள்ளுங்குது" என்று சொன்னால் அன்றே மெயினை இறக்குங்கள். பலகை போட்டுக்கொள்ளச் சொல்லாதீர்கள். அவர்கள் புகார் சொல்லவில்லை, உங்களுக்கு எச்சரிக்கை கொடுக்கிறார்கள். பல பேர் கூலி போய்விடுமோ என்று பயந்து சொல்வதே இல்லை.

அந்த ஸ்டோரில் நான் போட்ட கம்பி 10 சதுர மில்லிமீட்டர் செம்பு, பச்சையும் மஞ்சளும் கலந்தது, நீளம் ஒரு சாண், இரு முனையிலும் லக். பையில் மிச்சம் கிடந்த துண்டுதான், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. போட்டு முடிக்க பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.